பட்டியலில் இல்லாத ரெசல்யூஷன்

புதிதாக வாங்கிய 27 அங்குல மானிட்டரை என் பழைய லேப்டாப்புடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். மானிட்டரின் இயல்பான அளவு 2560×1440. லேப்டாப் காட்டிய பட்டியல் 1920×1080-உடன் முடிந்துவிட்டது. படம் வந்தது, ஆனால் எழுத்துகள் எல்லாம் ஈரத்தாளில் எழுதினதுபோல் இருந்தன. மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி ஒரு சாம்பல் திட்டாகத் தெரிந்தது. நாள் முழுக்கப் படிப்பதும் எழுதுவதும்தான் என் வேலை. இதற்காகவா பெரிய திரை வாங்கினோம் என்று மனம் கனத்துவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்புகளுக்குப் போய், கஸ்டம் ரெசல்யூஷன் என்ற பகுதியைத் திறந்து, 2560, 1440, 60 (வினாடிக்கு 60 படம், அதாவது 60 ஹெர்ட்ஸ்) என்று அடித்து, சோதிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய அளவுக்கே திரும்பியது. 59 போட்டேன், கறுப்பு. டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன், மறுபடியும் கறுப்பு. கேபிளைத் திருப்பிச் செருகினேன். இரவு இரண்டு மணி வரைக்கும் இதே கதைதான்.

அந்த இரவில் நான் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி உண்டு: இந்த அளவு பட்டியலில் ஏன் இல்லை? அதற்கப்புறம் இத்தனை வருடங்களில் என் கணினிகளிலும் நண்பர்களின் கணினிகளிலுமாக எத்தனையோ திரைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் வேலை முடிந்திருக்கிறது. பட்டியலில் இல்லாத எண்ணைத் திணிப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே வராது.

மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

கணினி மானிட்டருக்கு அனுப்புவது நாம் பார்க்கும் புள்ளிகளை மட்டும் அல்ல. பழைய சிஆர்டி திரைகளில் ஒரு எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைந்துவிட்டு, அடுத்த வரிக்காக மறுபடியும் இடது ஓரத்துக்குத் திரும்பி வரும். கடைசி வரி முடிந்ததும் மேல் மூலைக்குப் போகும். அந்தத் திரும்புகாலத்தில் படம் எதுவும் வரக்கூடாது. ஆகவே ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், ஒவ்வொரு படத்தின் கீழும் வெற்று இடம் விட்டு சிக்னல் அமைத்தார்கள். பிளாங்கிங் என்பது இதுதான். கற்றை போய்விட்டது, எல்சிடி வந்துவிட்டது, ஆனாலும் அந்த வெற்று இடம் குறைந்த அளவிலாவது இன்றைக்கும் தொடர்கிறது.

அதனால் 1920×1080 என்று நாம் சொல்கிற படம், டிவி தரநிலையில் கம்பி வழியாகப் போகும்போது 2200×1125 ஆக இருக்கிறது. அதை 60-ஆல் பெருக்கினால் 14,85,00,000. அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். பிக்சல் கிளாக் என்பது இந்த எண்தான். ஒரு வினாடிக்கு எத்தனை புள்ளிகள் கம்பியில் ஓடுகின்றன என்பதற்கான கணக்கு. ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட் என்று நாம் இரண்டாகப் பேசுவதெல்லாம் கம்பிக்குள் போய்ச் சேரும்போது இந்த ஒரே எண்ணாகிவிடுகிறது.

வெற்று இடம் எவ்வளவு என்பதும் ஒரே மாதிரி இல்லை. 2560×1440-ஐ 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, திரைத் தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பின் சிவிடி என்ற சூத்திரத்தை அதன் முழு பிளாங்கிங்கோடு எடுத்துக்கொண்டால் 312.25 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும். அதே சூத்திரத்தின் குறைந்த பிளாங்கிங் வகையில் மொத்த அளவு 2720×1481. பிக்சல் கிளாக் 241.5 மெகாஹெர்ட்ஸாக இறங்கிவிடுகிறது. படம் ஒன்றுதான், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் கம்பியின் சுமையில் 70 மெகாஹெர்ட்ஸ் மிச்சம். கஸ்டம் ரெசல்யூஷன் பெட்டியில் டைமிங் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக், சிவிடி, சிவிடி குறைந்த பிளாங்கிங், டிஎம்டி, ஜிடிஎஃப் என்று வரிசையாக இருக்குமே, அதை நான் பல காலம் தொட்டதே இல்லை. அங்கேதான் பாதி விடை இருந்தது.

மீதிப் பாதி, கேபிளைச் செருகும் துளையில். ஒற்றை இணைப்பு டிவிஐ என்ற பழைய வகைத் துளை 165 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும். எச்டிஎம்ஐயின் முதல் பதிப்புகளுக்கும் அதே வரம்பு. 1.3, 1.4 பதிப்புகளில் அது 340 ஆனது, 2.0-இல் 600 ஆனது. என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை 165-ஓடு நிற்கிற ரகம். எனக்கு வேண்டியது 241.5. எத்தனை தடவை டிரைவரை மாற்றிப் போட்டாலும் அது நடக்காது. கறுப்புத் திரை பிழை அல்ல, சரியான பதில்.

சரி, 165-க்குள் என்ன கிடைக்கும்? 2720-ஐ 1481-ஆல் பெருக்கி, அதை 40-ஆல் பெருக்கினால் 161.1 மெகாஹெர்ட்ஸ். 60-க்குப் பதிலாக 40 என்று போட்டு, குறைந்த பிளாங்கிங்கைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு நொடி கறுத்து, பிறகு வந்தது. எழுத்துகள் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தன. மவுஸ் அம்பு கொஞ்சம் தயங்கித் தயங்கி நகர்ந்தது, ஆனாலும் படிக்கிற வேலைக்கு அது போதும். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். அப்புறம்தான் லேப்டாப்பின் மறுபக்கத்தில் இருந்த சின்ன டிஸ்ப்ளே போர்ட் துளையைக் கவனித்தேன். அதற்கான கேபிளை வாங்கிச் செருகியதும் 2560×1440, 60 ஹெர்ட்ஸ் பட்டியலில் தானாகவே வந்து உட்கார்ந்தது. கஸ்டம் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லா மானிட்டரும் 40-ஐ ஏற்றுக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில திரைகள் 50-க்குக் கீழே போனாலே வரம்புக்கு வெளியே என்ற செய்தியைக் காட்டும். அந்தச் செய்தியையும் கறுப்புத் திரையையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. வரம்புக்கு வெளியே என்று மானிட்டர் சொன்னால் சிக்னல் அதுவரை வந்து சேர்ந்திருக்கிறது, மானிட்டருக்குத்தான் பிடிக்கவில்லை. சிக்னலே இல்லை என்று சொன்னால் வழியிலேயே எங்கோ அறுந்துவிட்டது. எங்கே தேட வேண்டும் என்பதை இந்த ஒரு வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பட்டியலுக்கு வருவோம். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது?

மானிட்டருக்குள் ஒரு சிறிய நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட் கொண்ட ஒரு தகவல் தொகுப்பு எழுதப்பட்டிருக்கும். ஈடிஐடி என்பார்கள். 1994-இல் வெசா வெளியிட்ட தரநிலை, இன்று வரை அதே அடித்தளம்தான். கேபிளைச் செருகியதும் கணினி முதலில் இதைத்தான் வாசிக்கிறது. யார் தயாரித்தது, என்ன அளவு, எந்தெந்த டைமிங், செங்குத்தாக எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை, கிடைமட்டமாக எத்தனை கிலோஹெர்ட்ஸ், அதிகபட்ச பிக்சல் கிளாக் எவ்வளவு என்று மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஜாதகம் அது. கடைசி பைட் சரிபார்ப்புக்கானது. 128 பைட்டுகளையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி பூஜ்ஜியம் வர வேண்டும். ஒரு பைட் பிசகினாலும் கணினி முழுத் தொகுப்பையுமே நம்பாமல் போகலாம்.

கணினி இந்த ஜாதகத்தை வாசித்து, தன் துளைக்கு எது முடியும் என்று பார்த்து, இரண்டுக்கும் பொருந்துவதை மட்டும் பட்டியலாகக் காட்டுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய அளவு அங்கே இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மானிட்டர் அதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது கணினிக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் கணினியால் முடியவில்லை. என் முதல் கதை மூன்றாவது வகை.

இரண்டாவது வகை ஏற்படுத்தும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நண்பரின் கணினியில் இருந்தாற்போலிருந்து 1024×768-க்கு மேல் எதுவும் கிடைக்காமல் போயிற்று. திரையின் பெயரும் காணோம். பெயரில்லாத பொதுவான மானிட்டர் என்று மட்டும் காட்டியது. அவர் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டார். நான் போனபோது, முந்தின வாரம் மேசையை இடம் மாற்றினாயா என்று கேட்டேன். ஆமாம், கேபிள் எட்டவில்லை என்று நீளக் கேபிள் ஒன்று போட்டேன் என்றார். அது விஜிஏ கேபிள். அதில் 12-ஆவது, 15-ஆவது ஊசிகள்தான் ஈடிஐடியைக் கொண்டுவரும் கம்பிகள். மலிவான நீட்டிப்புக் கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே இருக்காது. படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் வேறு ஊசிகளில் வருவதால் படம் நன்றாகத் தெரியும். பேச்சுதான் அறுந்துபோயிருக்கும். எதிரில் இருப்பது என்ன திரை என்றே தெரியாத கணினி, எதற்கும் பாதகமில்லாத அளவாகப் பார்த்து 1024×768-இல் நின்றுகொள்ளும். பழைய கேபிளைப் போட்டோம், திரையின் பெயர் வந்தது, அளவும் வந்தது.

எச்டிஎம்ஐயிலும் இதே வேலையை 15, 16-ஆவது ஊசிகள் செய்கின்றன. ஒரு கீபோர்டை இரண்டு கணினிகளுக்கு மாற்றித் தரும் கேவிஎம் பெட்டிகள், ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்கள், ஒரு வகைத் துளையை இன்னொன்றாக மாற்றும் அடாப்டர்கள் எல்லாம் இந்தப் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. சில பெட்டிகள் மானிட்டரின் ஜாதகத்தைத் தராமல் தன்னுடையதைக் கொடுத்துவிடும். அதனால் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு கேபிளில் நேராக இணைத்துப் பார். பட்டியலில் மானிட்டரின் உண்மையான பெயர் தெரிகிறதா என்று பார். பெயர் தெரியவில்லையென்றால் ரெசல்யூஷனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் அந்தப் பேச்சைச் சரிசெய்ய வேண்டும்.

முதல் வகை, அதாவது மானிட்டரே சொல்லாமல் இருப்பது, பெரும்பாலும் டிவிகளில்தான். 3840×2160 டிவியை கணினியோடு இணைத்தால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை என்பார்கள். கணக்கு போட்டால் புரிந்துவிடும். அந்த அளவின் மொத்தம் 4400×2250. 30-ஆல் பெருக்கினால் 297 மெகாஹெர்ட்ஸ், 60-ஆல் பெருக்கினால் 594. பழைய 340 வரம்புக்குள் முதலாவது அடங்கும், இரண்டாவது அடங்காது. பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால்தான் டிவி தன் முழு ஜாதகத்தையும் வெளியே காட்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பதால் டிவியின் மெனுவுக்குள் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்றாமல் கணினிப் பக்கம் எத்தனை கஸ்டம் அளவு எழுதினாலும் பலன் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். டிவியில் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கித் தெரிகிறது என்றால், கணினி நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது. 4:2:0 என்ற முறை அது. நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நிறம்தான் போகும். சுமை பாதியாகிவிடும், 594 தேவைப்படும் படம் 297-லேயே போய்விடும். சினிமா பார்க்க அது தெரியாது. படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். டிரைவரில் நிற வடிவத்தை ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்று மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் மறுபடியும் துளையும் கேபிளும்தான்.

டிவியில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவதற்காக 1840×1035 என்பது போன்ற விநோத அளவுகளை உருவாக்கி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது ஓவர்ஸ்கேன், டிவியின் படப் பொருத்த அமைப்பில் ஒரு மாற்றத்தில் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் அளவைச் சுருக்கினால் எழுத்தின் கூர்மை போய்விடும்.

விண்டோஸில் எந்தத் தவறையும் தேடும்முன் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே இரண்டு அளவுகள் தனித்தனியாகக் காட்டப்படும். ஒன்று டெஸ்க்டாப்பின் அளவு, மற்றது உண்மையில் கம்பியில் போகும் சிக்னலின் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்க்டாப் 1920×1080, சிக்னல் 2560×1440 என்று இருந்தால், கிராபிக்ஸ் கார்டு படத்தை இழுத்துப் பெரிதாக்கி அனுப்புகிறது என்று அர்த்தம். கஸ்டம் அளவு வேலை செய்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இங்கேதான் தெரியும். அதே பக்கத்திலிருந்து அடாப்டர் பண்புகளுக்குப் போனால் எல்லா மோடுகளையும் பட்டியலிடும் பொத்தானும் இருக்கிறது. முதல் பக்கத்தில் காட்டாத சில அளவுகள் அங்கே கிடைக்கும்.

59, 60 குழப்பம் பலரைப் படுத்தியிருக்கிறது. 60 என்று தேர்ந்தெடுத்தால் மறுபடியும் 59-க்கே போய்விடுகிறது, கணினி கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். 59 என்று காட்டுவது உண்மையில் 59.94. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையில் 60-ஐ 1.001-ஆல் வகுத்து வந்த எண். டிவி டைமிங்கைச் சொல்லும் திரைகளில் 60, 59.94 இரண்டும் ஒரே பெயரின் கீழ் வருவதால், விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இந்த இழுபறி இருக்கிறது. ஆயிரம் படங்களில் ஒரு படம் வித்தியாசம். வீடியோ வேலை செய்பவராக இல்லாவிட்டால் விட்டுவிடலாம். இதற்காக யாரும் ஒரு மாலையை இழக்கக்கூடாது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. பேச்சு சரியாக இருக்கிறது, துளைக்கு வலு இருக்கிறது, மானிட்டரும் தாங்கும், ஆனாலும் பட்டியலில் இல்லை. அப்போது கஸ்டம் ரெசல்யூஷன் உண்டாக்கலாம். கிராபிக்ஸ் டிரைவரின் சொந்தப் பெட்டியே பெரும்பாலும் போதும். அது மறுத்தால் டோஸ்டிஎக்ஸ் என்பவர் உருவாக்கிய கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி இருக்கிறது. சுருக்கமாக சிஆர்யு. அது மானிட்டரைத் தொடுவதில்லை. மானிட்டரின் ஜாதகத்தைத் திருத்தி எழுதிய ஒரு நகலை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்துவிடும். விண்டோஸ் அந்த நகலை நம்பும். திருத்திய பிறகு டிரைவரை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதற்கான சிறு நிரலும் கூடவே வருகிறது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் நிரலும் வருகிறது. திருத்தம் செய்யும்முன் அந்த நிரலை டெஸ்க்டாப்பிலேயே, கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரை கறுத்துப் போய் வரவே இல்லையென்றால் சேஃப் மோடில் நுழைந்து அதை ஓட்டினால் போதும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது என்னைச் சில தடவை காப்பாற்றியிருக்கிறது.

அளவைச் சேமிக்கும்முன் பதினைந்து வினாடி காத்திருக்கும் அந்தக் கேள்விப் பெட்டியை அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். படம் ஒழுங்காக, நான்கு ஓரமும் தெரிய, நடுக்கம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆம் சொல்ல வேண்டும். பழைய சிஆர்டி காலத்தில் தவறான அலைவரிசை திரையின் சுற்றுகளையே கெடுத்துவிடக்கூடும் என்று கையேடுகளில் எச்சரிப்பார்கள். இப்போதைய திரைகள் பெரும்பாலும் செய்தி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனாலும் திரையில் கோடுகளோ மினுக்கமோ தெரிந்தால் அந்த அளவில் விட்டுவைக்காதீர்கள்.

லினக்ஸில் வேலை வேறு மாதிரி. சிவிடி என்ற கட்டளை அளவைக் கொடுத்தால் டைமிங் வரியைத் தரும். திரை அமைப்புகளை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் முதலில் அந்த வரியைப் புதிய மோடாக உருவாக்க வேண்டும், பிறகு அதை எந்தத் துளைக்கு என்று சேர்க்க வேண்டும், அதன் பின்தான் தேர்ந்தெடுக்க முடியும். மூன்று படிகளில் ஒன்றை விட்டாலும் பிழைச் செய்தி வரும். ஒரே பெயரில் இரண்டாவது தடவை உருவாக்கினாலும் பிழைதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதல் தடவையே உருவாகிவிட்டது என்றுதான் பொருள். சிவிடி கட்டளை சாதாரணமாகத் தருவது முழு பிளாங்கிங் வரியை. 1920×1080-க்கு அது 173 மெகாஹெர்ட்ஸ் கேட்கும். டிவி டைமிங்கில் 148.5-லும், குறைந்த பிளாங்கிங்கில் 138.5-லும் அடங்குகிற படத்துக்கு 173! ஒற்றை இணைப்பு டிவிஐயில் இந்த வரி ஓடாததில் ஆச்சரியம் இல்லை. எங்கிருந்தோ நகலெடுத்த வரியை ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று பலர் தவிப்பது இங்கேதான். குறைந்த பிளாங்கிங் வேண்டும் என்று கட்டளையில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விருப்பம் 60-இன் மடங்குகளுக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்ளும்.

துளையின் பெயர் எச்டிஎம்ஐ-1 என்பதுபோல் இல்லாமல் டிஃபால்ட் என்று மட்டும் காட்டினால், சரியான டிரைவரே ஏறவில்லை. கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் நோமோட்செட் என்று எப்போதோ சேர்த்தது அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்ட் என்ற திரை அமைப்பின் அமர்வில் எக்ஸ்ரேண்டரில் சேர்க்கும் மோடுகள் உண்மையான திரையை எட்டாது. அங்கே கர்னல் வரியிலேயே அளவைச் சொல்லலாம், அல்லது திருத்திய ஈடிஐடி கோப்பை ஃபர்ம்வேர் கோப்பகத்தில் வைத்து கர்னலை அதை வாசிக்கச் சொல்லலாம். இரண்டாவது வழி கொஞ்சம் கடினம், ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் அசையாது. கோப்பு தொடக்க நினைவக வட்டுக்குள்ளும் (initramfs) போய்ச் சேர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சிலருக்கு 1366×768 திரையில் 1368 என்று வருவதைப் பார்த்துக் குழப்பம். சிவிடி சூத்திரம் அகலத்தை 8-இன் மடங்காக வைத்துக்கொள்ளும். 1366-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஈடிஐடியின் சுருக்கப் பட்டியலும் அகலத்தை 8-இன் மடங்காகவே எழுதும், அதனால் 1366-ஐ அங்கே எழுதவே வழியில்லை. விரிவான டைமிங் பகுதியில்தான் எழுத முடியும். இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

60 ஹெர்ட்ஸ் திரையை 75-க்கு ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பார்க்கலாம், ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஆனால் 75 என்று கணினி காட்டுவதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். சில மானிட்டர்கள் 75 படங்களை வாங்கிக்கொண்டு, 60-ஐ மட்டும் காட்டிவிட்டு மீதியை விழுங்கிவிடும். டெஸ்ட்யுஎஃப்ஓ தளத்தில் படம் விடுபடுவதைச் சோதிக்கும் பக்கம் இருக்கிறது. கட்டங்கள் வரிசையாக ஒளிரும். கேமராவில் ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்துப் படம் எடுத்தால், வெளிச்சம் பட்ட கட்டங்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டம் இருட்டாக இருந்தால் அந்த வேகம் வெறும் பெயருக்குத்தான். அதைவிட 60-இல் இருப்பது நல்லது. விழுங்கிய படங்களால் அசைவு முன்பைவிட மோசமாகத்தான் தெரியும்.

40 ஹெர்ட்ஸில் ஓட்டிய அந்த இரண்டு வாரத்தை விட்டால், கஸ்டம் டைமிங் உண்மையிலேயே எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு இடத்தில். என்னிடம் இன்னொரு பழைய 1920×1080 மானிட்டர் இருக்கிறது, டிவிஐ மட்டும் கொண்டது. இரவில் படம் பார்ப்பது அதில்தான். சினிமா வினாடிக்கு 24 படங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாக மாறி மாறி வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அந்தத் திக்கல் எனக்குத் தெரியும், தெரிந்த பிறகு கண் அதையே தேடும். 72 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று தடவை.

ஈடிஐடியைப் பார்த்தேன். செங்குத்து வரம்பு 75 ஹெர்ட்ஸ், கிடைமட்ட வரம்பு 83 கிலோஹெர்ட்ஸ். திரைக்குத் தடை இல்லை. அப்புறம் துளை. குறைந்த பிளாங்கிங்கில் கிடைமட்டமாக 160 புள்ளிகள் வெற்றிடம், மொத்தம் 2080. செங்குத்தாக 1117 வரிகள். 2080-ஐ 1117-ஆலும் 72-ஆலும் பெருக்கினால் 167.3 மெகாஹெர்ட்ஸ். வரம்பு 165. இரண்டே சொச்சம் மெகாஹெர்ட்ஸில் தட்டிப்போகிறது. டிரைவர் மறுத்துவிட்டது.

சிவிடியின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குறைந்த பிளாங்கிங்கின் இரண்டாவது வகை வந்தது. அதில் கிடைமட்ட வெற்றிடம் 160-க்குப் பதிலாக 80 புள்ளிகள்தான். என் மானிட்டர் அதற்கு முந்தைய காலத்தது, ஏற்குமா என்று தெரியாது. மேனுவல் டைமிங்கைத் திறந்து மொத்த அகலத்தை 2000 என்று எழுதினேன். 2000 × 1117 × 72 = 160.8 மெகாஹெர்ட்ஸ். கிடைமட்ட வேகம் 80.4 கிலோஹெர்ட்ஸ், அதுவும் 83-க்குள். சோதிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை கறுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் படம் வந்துவிட்டது, நான்கு ஓரமும் இடத்தில் இருந்தன. கேமராவை எடுத்துவந்து கட்டங்களைச் சோதித்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை.

அன்றிரவு ஒரு பழைய படத்தைப் போட்டு, ரயில் போகும் காட்சியை மட்டும் நான்கு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். மரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. அந்த மானிட்டர் இன்றும் 72-இல்தான் ஓடுகிறது.